குழல் நுனியில் பச்சை மணி

றுவைஸ்: முதல்ல துவக்கை முறிச்சுத் திறந்து காட்டுங்க அண்ணே. தோட்டா இரிக்கா எண்டு பார்க்காம நான் கை வைக்கமாட்டன்.

ஞானசேகரம்: வெறுங்குழல் தம்பி. இந்தா, பார். கிளிவெட்டியிலயிருந்து பஸ்ஸில, சாக்கில சுத்தி மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். பக்கத்தில இருந்த மனுசி கரும்போ எண்டு கேட்டவ.

றுவைஸ்: நீங்க என்ன சொன்னீங்க?

ஞானசேகரம்: ஓம் எண்டனான். பிறகுதான் பயம், ஒரு துண்டு கேட்டிட்டா...

றுவைஸ்: ஹா... லைசன்?

ஞானசேகரம்: சட்டைப் பையில கிடக்கு. வயல் காவலுக்கு அரசாங்கக் கச்சேரியில தந்தது. நான் என்ன கொள்ளைக்காரனே?

றுவைஸ்: இது போட் எஞ்சின் செய்யிற இடம் அண்ணே. நேவிக்காரன் எட்டிப் பார்த்தா நான்தானே பதில் சொல்லோணும்... நுனியில குறி பார்க்கிற மணி நல்லாத்தானே இரிக்கு? ஆடவும் இல்ல.

ஞானசேகரம்: அது சரியில்லை. கழட்டிப்போட்டு இந்தப் பச்சை மணியைப் பூட்டு. கொழும்பிலயிருந்து எடுப்பிச்சனான். பொழுதுபடுற மம்மல் நேரத்திலயும் மினுங்குமாம்.

றுவைஸ்: சரியில்லை எண்டா?

ஞானசேகரம்: போன கிழமை காட்டுப் பண்டிக்கு வைச்ச வெடி தவறிப்போச்சு. மணி... கொஞ்சம் இடப்பக்கம் சரிஞ்சு நிக்குது.

றுவைஸ்: நட்டநடுவில நிக்குதே!

ஞானசேகரம்: உனக்கு எஞ்சின் தெரியும். துவக்கு எனக்குத் தெரியும். பூட்டு எண்டா பூட்டன்!

றுவைஸ்: சரி, சரி, கோவிக்காதீங்க. மருமகன் கஜீபனையும் கூட்டி வந்திருக்கலாமே? ரெண்டு பேரும் சேர்ந்துதானே காவல்...

ஞானசேகரம்: அவனுக்கு... வேலை. நீ கதையை விட்டுப்போட்டுக் கையைப் பார்.

றுவைஸ்: இந்தா, பழசு கழண்டிட்டு. புதுசு... ம். முடிஞ்சு. இனிக் கன்னத்தை வைச்சுப் பிடிங்க. ஐயோ, கடல் பக்கம் வேணாம்! நேவி போட் போகுது, ரெண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போயிருவானுகள். பின் செவருக்குப் பிடிங்க.

ஞானசேகரம்: பிடிச்சாச்சு.

றுவைஸ்: கண்ணை மூடுங்க. தோளில நல்லா அமத்துங்க... இப்பத் திறவுங்க. மணி எங்க நிக்குது?

ஞானசேகரம்: நடுவில. அச்சொட்டா நடுவில.

றுவைஸ்: பச்சை தெரியுதா?

ஞானசேகரம்: தெரியாம? கிளிப்பச்சை! இதெல்லோ மணி. இண்டைக்கே பண்டி விழும்.

றுவைஸ்: அண்ணே... இண்டைக்குக் கஜீபனும் வயலுக்கு வருவாரா?

ஞானசேகரம்: வருவான்... ஏன்?

றுவைஸ்: துவக்கை இதில வையுங்க. அந்தக் கதிரையில இரிங்க. கையை நீட்டுங்க... இது என்ன?

ஞானசேகரம்: சின்னனா... உருண்டையா...

றுவைஸ்: பச்சை மணி. நான் இன்னும் பூட்டவே இல்ல அண்ணே. குழல் நுனி மொட்டையாக் கிடக்கு.

ஞானசேகரம்: எங்க, தடவிப் பார்க்கிறன்... ஓம், மொட்டைதான்.

றுவைஸ்: எவ்வளவு நாளா இப்பிடி?

ஞானசேகரம்: மாரி தொடங்கினதில இருந்து... எல்லாம் பனிப்புகார் மூடின மாதிரி. வாய் திறந்தா லைசனைப் பறிச்சுப்போடுவாங்கள். பண்டி முழு வயலையும் உழுதுபோடும். ஆரிட்டச் சொல்ல?

றுவைஸ்: கண்ணில புரையா இரிக்கும். என்ட வாப்பாக்கும் ஆசுபத்திரியில எடுத்தது. இப்ப மீன்ல முள்ளுப் பார்த்துச் சண்டை பிடிக்கிறார்... அண்ணே, நானும் ஒண்டை மறைச்சிட்டன். காலமை கஜீபன் போன் எடுத்தவர். "மாமா துவக்கோட வாறார், கண்ணை ஒருக்காச் சோதிச்சுப் பாருங்க, நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லாதீங்க" எண்டார்.

ஞானசேகரம்: அவனோ?... வேற என்ன சொன்னவன்?

றுவைஸ்: வேற ஒண்டும் சொல்லல்ல.

ஞானசேகரம்: சொல்லமாட்டான். போன கிழமை நான் பண்டி எண்டு சுட்டது அவனைத்தான் தம்பி... ஒரு குண்டு தொப்பியால போச்சு. வீட்டில தொப்பியைக் காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது எண்டு சொன்னவன். மணியிலதான் பிழை எண்டு நீயாவது சொல்லுவாய் எண்டு வந்தனான்.