மிதந்த வீட்டுக்குப் பூட்டு

இப்போதெல்லாம் பாவத்தைச் சொல்ல வருகிறவன்கூடக் கைபேசியை அணைப்பதில்லை. போன ஞாயிறு எனக்கு முன்னால் நின்றவன், பாதிரியார் அவன் தலைமேல் துணி போர்த்தியிருக்கும்போதே கைபேசியை எடுத்து, அப்புறம் பேசுகிறேன் என்றான். எதற்கும் ஒரு முறை வேண்டும். சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான்.

என் பெயர் வுகாஷின். நாங்கள் ட்ரினா ஆற்றில் இருந்தோம். கரையில் இல்லை, ஆற்றின்மேல். பீப்பாய்கள்மேல் பலகை அடித்து, அதன்மேல் இரண்டு அறை. அப்பா ஸ்வெதோஸார் தோன்றினால் மீன் பிடிப்பார், தோன்றாவிட்டால் அக்கார்டியன் வாசிப்பார். அம்மா தெசாங்கா அடுப்பில் ஒரு சட்டியை வைத்துவிடுவாள், பசித்தவர் பசித்தபோது தின்ன வேண்டியது. வழியில் போகிறவனெல்லாம் வந்து படுப்பான். ஒரு கிளாரினெட்காரன் என் கட்டிலில் மூன்று வாரம் கிடந்தான். ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் கேட் பூட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஒருவருக்கும் கிழமை தெரியாது. திரும்பி வந்து சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை. ஒருநாளும் என்னை அடித்ததில்லை.

என்னால் தாங்க முடியாதது, வீடு நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவதுதான். நீளக் கயிற்றில் தளர்வாகக் கட்டியிருந்ததால், சுழலில் அது பாட்டுக்குத் திரும்பும். ஒருநாள் வெயில் கதவு வழியாக வரும், மறுநாள் ஜன்னல் வழியாக. கண் விழித்தால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒன்பது வயதில், இடிந்த பாலத்தின் சங்கிலி ஒன்றை இழுத்துவந்தேன். கரைப்பக்க மூலைகள் இரண்டிலும் கோத்து, கரையோரத்து அடிமரத்தோடு இறுக்கி, ஒரு பழைய பூட்டால் பூட்டினேன்.

"கயிறு தொங்கினாத்தான்டா தண்ணி ஏறும்போது வீடும் ஏறும்" என்றார் அப்பா. சொன்னாரே தவிர அவிழ்க்கச் சொல்லவில்லை. அம்மாவிடம், "விடு தெசா, நீதிபதி ஐயா நாளைக்கு அவரே அவுத்துடுவாரு" என்றார். நீதிபதி ஐயா நான்தான்.

மூன்று நாள் வெயில் ஒரே சுவரில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். தங்கை மிலுங்காவுக்கு நான்கு வயது, தன் உயரத்துக்கும் ஒரு கோடு கேட்டாள். போட்டேன். அதைவிட நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை.

நான்காம் நாள் மலையில் மழை. மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது ஆறு கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. கரைக்குப் போட்டிருந்த பலகை அடித்துக்கொண்டு போய்விட்டது. சங்கிலி மூலைகளைக் கீழே இழுத்துப் பிடித்ததில் வீடு கரைப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் வாசலில். மிலுங்கா உள்ளே தூங்கினாள்.

"வுகோ, சாவிய எடுடா."

எடுத்தேன். தரையில் வீடு பார்ப்போம், பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவோம், அதற்குச் சரி சொன்னால் திறக்கிறேன் என்றேன்.

அம்மா சிரித்தாள். "பாருங்க, நீதிபதி தீர்ப்பு சொல்றாரு." அப்பா தொப்பியைக் கழற்றிக் குனிந்து எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். நான் காத்திருந்தேன். அவர்கள் சிரிப்பை நிறுத்தியபோது பூட்டு தண்ணீருக்குள் போயிருந்தது. கரையில் படுத்துக் கையை விட்டுத் துழாவினேன், சாவித் துவாரம் அகப்படவில்லை. மூலை அமிழ்ந்தது. எதிர்ப்பக்கம் பீப்பாய்கள் மேலே எழும்பின. உள்ளே அடுப்பு சரிந்து கதவை அடைத்தது. அப்பாவையும் அம்மாவையும் ஆறு கரையில் தள்ளியது. மிலுங்காவை மறுநாள் கீழே ஒரு மரத்தின் வேர்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

பூட்டு துருப்பிடித்திருந்தது, பையன் என்ன செய்வான் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். சாகும்வரை சொன்னாள். என்னிடமே சொன்னாள். ஊருக்குள் ஓர் அறை எடுத்தோம். பன்னிரண்டு அடித்ததும் மேசையில் மூன்று தட்டு. அப்பா அக்கார்டியனை விற்றுவிட்டார்.

பாதிரியார் சின்ன வயதுக்காரர். போன ஞாயிறு நான் சொன்ன இதெல்லாம் கேட்டுவிட்டு, "பெரியவரே, அப்போ நீங்க குழந்தை. விவரம் தெரியாத வயசு" என்றார்.

விவரம் தெரியும் என்றேன். தண்ணீர் பூட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தபோதே பார்த்தேன். மூன்று விரல், இரண்டு விரல் என்று பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

அவர் மன்னிப்பு ஜெபத்தைத் தொடங்கினார். முடியும்வரை நான் இருக்கவில்லை, வெளியே நடந்தேன். நான் கேட்டது ஒரே ஒரு 'சரி'. அதைச் சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்தது.