முருகனும் மீன் எண்ணெயும்

பென்டில் ஹில் ரயில் நிலையத்தில் ஏறிய இரண்டு அன்ரிமார் என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒருவர் சிவப்புச் சுவெட்டர் போட்டிருந்தார். மற்றவர் மடியில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய். ரயில் நகர்ந்ததும் சுவெட்டர்க்காரர் சொன்னார்:

“முருகன் என்னை நல்லா மாட்டிப்போட்டார்.”

“ஏன், என்ன செய்தவர்?”

“இந்த மூட்டுவாதம் மாறினா, சாகும்வரைக்கும் மீன் சாப்பிடமாட்டன் எண்டு நேர்த்தி வச்சனான். முழங்கால் நோ மாறிட்டுது.”

“நல்லதுதானே!”

“மாத்தினது டொக்டர் தந்த மீன் எண்ணெய்க் குளிசை.”

மற்றவர் குலுங்கிச் சிரித்ததில் இரண்டு கத்தரிக்காய் உருண்டு என் காலடிக்கு வந்தன. எடுத்துக் கொடுத்தேன். இருவரும் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“அப்ப குளிசையை விடும்.”

“விட்டனான். ஒரு மாசத்தில நோ திரும்பி வந்திட்டுது.”

“அப்ப நோ மாறேல்லைத்தானே? நேர்த்தி செல்லாது. குளிசையைப் போடும்.”

“போட்டா மாறிடும். மாறினா திரும்ப விடோணும்.”

“டொக்டர் விற்றமின் டியும் தந்தவர் எல்லே? அதுதான் மாத்தினது எண்டு முருகனுக்குச் சொல்லும்.”

“அவருக்குத் தெரியாதாக்கும்!”

பரமட்டா வந்தது. சுவெட்டர்க்காரர் கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே எழுந்தார். மற்றவர் கேட்டார்:

“மீன் எண்டா உமக்கு உயிர். அதை ஏன் போய் நேர்ந்தனீர்? பாகற்காயை விடுறன் எண்டு சொல்லியிருக்கலாமே?”

“பாகற்காய்க்கெல்லாம் அவர் முழங்கால் தருவாரோ?”