தினம் ஒரு மாதுளை

— சாப்பிடக் கூடாதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.

— முதல்ல உட்காரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு புருஷனை விசாரணை பண்ணாதே.

— உட்கார மாட்டேன். டயாலிசிஸ் நர்ஸ் என்னை நிக்க வச்சுத்தான் கேட்டா. 'பொட்டாசியம் இப்படி ஏறிக் கிடக்கே, என்னம்மா கொடுக்கறீங்க'ன்னு. நானும் பெருமையா, 'தினம் ஒரு மாதுளை, நானே உதிர்த்துக் கொடுக்கறேன்'னேன். அந்தப் பொண்ணு தலையில கை வச்சுக்கிட்டா.

— அவ எல்லாத்துக்கும் தலையில கை வைப்பா.

— கிட்னி கெட்டவங்களுக்கு அந்தப் பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகாதாம். திடீர்னு இதயமே நின்னு போகுமாம்.

— இரும்புச் சத்து இருக்கு, வைட்டமின் சி இருக்கு, நார்ச்சத்து இருக்குன்னு நீதானே தினம் பாடம் ஒப்பிச்சே?

— நல்ல உடம்புக்காரங்களுக்கு அதெல்லாம் நல்லதுதான். உங்களுக்கு ஆகாது. எதெது கூடாதுன்னு அச்சடிச்ச தாள் முதல் வாரமே உங்க கையில கொடுத்தாங்களாமே. எங்கே அது?

— சட்டைப் பையில.

— மூணு மாசமாவா?

— மடிச்சு வச்சிருக்கேன்.

— பாவி மனுஷா. விரலெல்லாம் கறுத்துப் போக உரிச்சேனே. என்னைக் கொலைகாரியா ஆக்கப் பாத்தீங்களே.

— உனக்காக ஒண்ணும் நான் சாப்பிடல.

— பின்னே யாருக்காக?

— முதல் நாள் கிண்ணத்தைத் தள்ளி வச்சேனே, அப்ப நீ என்ன சொன்னே? 'உங்க பொண்ணு போன் பண்ணினா, அப்பாவுக்கு ரத்தம் ஊறும், மாதுளை கொடும்மான்னா'ன்னு சொன்னியா இல்லையா?

— சொன்னேன்.

— இந்த வாசப்படி மிதிக்காதேன்னு நான் விரட்டின பொண்ணு. ஏழு வருஷம் கழிச்சு, அப்பா சாப்பிட்டாரான்னு கேக்கறா. வேண்டாம்னு எந்த வாயால சொல்லச் சொல்றே? தினம் கிண்ணத்தோட வந்து, இன்னிக்கு அவ இப்படிச் சொன்னா, அப்படிச் சொன்னான்னு சொல்லுவே. அதைக் கேக்கத்தான் வாயைத் திறந்தேன்.

— கடவுளே.

— அழாதே. இப்ப அவளுக்குப் போனைப் போடு. நானே பேசறேன். மாதுளை கூடாதாம், வேற என்னம்மா சாப்பிடட்டும்னு கேக்கறேன்.

— யார்கிட்டங்க கேப்பீங்க? நீங்க சாப்பாட்டையே தொடாம கிடந்தப்ப, ரெண்டு வாய் உள்ள போகட்டும்னு நானா கட்டின கதை அது. இந்த ஏழு வருஷத்துல அவ ஒரு தடவைகூடக் கூப்பிடலைங்க.