கொசப்பாளையம் ஜெகநாதன் வாங்கிய பேக்பைப்

முதன்முதலாக பேக்பைப் வாங்க ஆசைப்படுகிறவர்கள், வாயால் ஊதி முழங்கையால் அழுத்துகிற அந்தத் தோல் பையை வாங்கக் கூடாது. குழலை மட்டும்தான் வாங்க வேண்டும். விரல் பழகுவதற்கென்றே ஒரு சின்னக் குழல் விற்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து ஊதலாம், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான். அதில் ஒரு வருஷம் விரல் ஓடிய பிறகுதான் பை. இந்தப் புத்தியைக் கேட்டு நடந்த ஒரு ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எல்லோருக்கும் எடுத்த எடுப்பிலேயே பை வேண்டும். தோளில் அந்தச் சுருதிக் கொம்புகள் நீட்டிக்கொண்டு நின்றால்தானே போட்டோவில் எடுப்பாக விழும்.

நான் பட்டாளத்தில் பைப் பேண்டில் இருந்தவன். ஓய்வு பெற்று வந்து ஆரணியில் கல்யாண பேண்ட் நடத்துகிறேன். பொன்னுசாமி என்றால் யாருக்கும் தெரியாது, பேண்ட் மாஸ்டர் என்றால் கோட்டை மைதானத்தில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். போளூரிலிருந்து ஆற்காடு வரைக்கும் பேக்பைப் ஊதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை சார். விவரம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஜெகநாதன் கொசப்பாளையத்தில் பட்டுத் தறி வைத்திருந்தவன். ஏதோ ஒரு வரவேற்பில் என் வாசிப்பைக் கேட்டானாம், அன்றைக்கே ஆசை வந்துவிட்டதாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனில் ஆர்டர் போட்டு, பெட்டி வந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நீந்தத் தெரியாதவன் கிணற்றை விலைக்கு வாங்கின கதை.

திறந்து பார்த்தேன். நாற்காலிக் கால் கடைகிற கட்டையில் கொம்புகள், மேலே கறுப்பு வார்னிஷ். சீவாளி விறகுக் குச்சி போல விறைத்திருந்தது. பை மட்டும் நல்ல தோல், அதை மறைக்கக் கூடாது. அந்தப் பைக்கு அவன் தன் தறியிலேயே ஒரு பட்டு உறை நெய்து போட்டிருந்தான். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கரையில் ஜரிகை. கல்யாணப் பெண்ணுக்குக் கூட அவ்வளவு பார்த்து நெய்திருக்க மாட்டான்.

"எப்டிக்கீது மாஸ்டர், நல்ல சரக்குதானே?" என்றான்.

"நல்ல சரக்குதான்" என்றேன். சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

நான் வேறு சீவாளி போட்டுக் கொடுத்துப் பாடம் ஆரம்பித்தேன். இப்படி வருகிறவர்கள் கன்னம் வலித்தால் ஓடிவிடுவார்கள் என்பது என் அனுபவம். இவன் ஓடவில்லை. கை ஒரு வேலையும் கால் ஒரு வேலையும் செய்து பழகிய நெசவுக்காரன். பையை அழுத்துகிற முழங்கை கூடாமல் குறையாமல் நின்றது. அது ஞானம் இல்லை சார், பழக்கதோஷம். தறி மிதிக்கிறவன் யாராக இருந்தாலும் செய்வான். அப்போதெல்லாம் அவன் பை என் வீட்டில்தான் இருக்கும். நானே துடைத்து வைப்பேன்.

பிறகு சந்தவாசலில் ஒரு கல்யாணம். கூட்டம் காட்டுவதற்காக அவனையும் சீருடை மாட்டிப் பின்வரிசையில் நிறுத்தினேன். மாப்பிள்ளை அழைப்பு நடுவில் நான் காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவன் முன்னால் வந்து தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். சமையல்காரர்கள் கூட கரண்டியோடு வெளியே வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் போன். பெண்ணின் அப்பா ராஜவேலு ஒரு சால்வையோடு வந்தார், என்னைத் தாண்டிப் போய் அவனுக்குப் போர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், ரிசப்ஷனுக்கும் அவரே வாசிக்கட்டுங்க. நீங்க உக்காருங்க, பாவம், வயசானவரு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். மண்டபம் நிறைய ஆட்கள், காது உள்ளவன் ஒருவன் இல்லை. பட்டாளத்தில் பெரிய பெரிய அதிகாரிகள் என் வாசிப்புக்கு எழுந்து நின்றிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஜெகநாதன் வந்து, இனிமேல் பை தன் வீட்டிலேயே இருக்கட்டும், நினைத்தபோது சாதகம் செய்யலாம் என்றான். எடுத்துப் போகச் சொன்னேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"வாசிச்சு முடிச்சா இத்த எப்டி வெக்கிறது மாஸ்டர்? தார் மாதிரி ஈரத்துணி சுத்தி வெச்சிடட்டா? காஞ்சிபோனா தோலு வெடிச்சிடும்ல?"

தார் என்றால் ஊடைநூல் சுற்றின சின்னக் குச்சி. அதை ஈரமாகவே வைத்துத்தான் இவர்கள் நெய்வார்கள். நூல் காய்ந்தால் அறுந்துபோகும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்தவனுக்கு உலகத்தில் நல்ல பொருள் எல்லாம் ஈரமாகத்தான் இருக்கும். நெசவுக்காரன் புத்தி.

"ஆமா, காயவே கூடாது" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அவனாகக் கேட்டான், நான் ஆமாம் என்றேன். பாடத்துக்கு அவன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், பையை ஈரத்துணியில் சுற்றித் தறிக்குழிக்குள் வைத்திருந்தான். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதானாம். துணி காய்ந்தால் அவன் மனைவி உண்ணாமலை தண்ணீர் தெளிப்பாளாம். அந்த ஒழுங்கை நான் பாராட்டினேன்.

கொஞ்ச நாளில் அவனுக்கு வறட்டு இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். காசநோயா என்று சளியைச் சோதித்தார்கள், இல்லை என்றார்கள். தேசூரில் மாமியார் வீட்டுக்குப் போய் இருந்தபோது இருமல் விட்டது. ஊர் திரும்பியதும் மறுபடி பிடித்தது. தறித் தூசியாக இருக்கும் என்று டாக்டர் சொல்ல, தறிகளை நிறுத்தினார்கள். புறா வளர்க்கிறாயா, வைக்கோல் போர் இருக்கிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டாராம். வாயில் எதை வைத்து ஊதுகிறாய் என்று கேட்கவில்லை. இந்தக் காலத்துப் படிப்பு அப்படி. தறி நின்றதால் ஜெகநாதனுக்கு நேரம் நிறைய, பகலெல்லாம் ஊதினான்.

உண்ணாமலை ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"தறிய நிறுத்தியும் எளைப்பு நிக்கலண்ணா. படியேற முடியல, பேசிகினு இருக்கும்போதே மூச்சு வாங்குது. ஒருவேள இந்த ஊதறதால இருக்குமா? நிறுத்தச் சொல்லட்டாண்ணா? நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

"ஊதறது நெஞ்சுக்கு நல்லதும்மா. நிறுத்தினாத்தான் கெடும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் சடையனைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டாளத்தில் என்னோடு வாசித்தவன், கலசப்பாக்கத்துக்காரன், சோம்பேறி. வாசித்து முடித்தால் கொம்புகளைக் கழற்றி, துடைத்து, பையைக் காற்றாட விட வேண்டும். மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஊதுகிறவன் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் அது நெஞ்சுக்குள் போகும். சடையன் துடைக்க மாட்டான். அவனுக்கு வந்ததும் இதே இருமல், இதே சாயங்காலக் காய்ச்சல். ஊருக்கு லீவில் போனால் விடும், வந்தால் பிடிக்கும். ராணுவ மருத்துவர்தான் கண்டுபிடித்து எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார். சடையன் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அவன் சவத்தை நானும் தூக்கினேன்.

ஜெகநாதன் ஆடி பிறந்ததும் போனான். கடைசியில் நுரையீரல் தேங்காய் நார் போல ஆகிவிட்டதென்று சொன்னார்கள். சாவுக்குப் போனேன், போகாமல் இருப்பேனா. உண்ணாமலை பட்டு உறையோடு அந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அவருக்கு உசுரே இதுதாண்ணா. இதுலயே ஒரு தடவ ஊதி அனுப்பி வெயுங்க."

என் கை போகவில்லை. "என்னோடத எடுத்துகினு வரேன்மா" என்றேன்.

"ஏண்ணா? இதுல இன்னா கீது?"

சீவாளி சரியில்லை என்றிருக்கலாம், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்றிருக்கலாம். ஊரையே வாயால் கட்டி மேய்க்கிற எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு பையோடு உள்ளே போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அதை நேராக டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறாள். பையை அறுத்துப் பார்த்ததில் உள்ளே என்ன இருந்தது என்பது உங்கள் மேஜைமேல் காகிதமாக இருக்கிறது.

ஆமாம், தெரியும். ஆமா என்று சொன்னபோதே தெரியும். உண்ணாமலை வந்து நின்றபோது ஒரே வார்த்தையில் அவனைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதும் தெரியும். நினைத்துத்தான் சொல்லாமல் விட்டேன். கொன்றவன் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அடித்துவிடுங்கள். பொறாமைப்பட அவனிடம் என்ன இருந்தது? அவனுக்கு வாசிக்கவே வரவில்லை. வாத்தியத்தின் மானத்தை நான் காப்பாற்றினேன், அவ்வளவுதான். சந்தவாசல் கல்யாண வீடியோ உங்களிடம் இருப்பதாக ஏட்டு சொன்னார். போட்டுப் பார்ப்பதென்றால் தாராளமாகப் போடுங்கள் சார். அது முடிகிற வரைக்கும் என்னை மட்டும் கொஞ்சம் வெளியே நிற்க விடுங்கள்.