கட்டாருக்குப் போன சாவி

மாத்தளையிலிருந்து கலேவெல போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும்.

"காருக்குப் புது ரிமோட் சாவி செஞ்சா அவருட சாவி மௌத்தாகிடுமாம் ராத்தா," என்றாள் தங்கை. "சாவிக் கடைக்காரர் சொன்னாரு. கார்ல பழைய சாவிட பதிவை அழிச்சிட்டுத்தான் புதுசைப் பதியணுமாம்."

"அழியட்டுமே! இருந்த ஒரே சாவியைப் பொக்கெட்ல போட்டுக்கிட்டு ஒன்ட மாப்புள கட்டாருக்குப் போயிட்டாரு. கார் முத்தத்துல சும்மா கெடக்குது. நாம பஸ்ல போறோம்."

"வேணாம்னு வந்துட்டேன்."

"அப்ப தபால்ல அனுப்பச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி ஒனக்கு?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவரு வந்து, கேட்டடியில நின்னு அந்தச் சாவிட பட்டனை அமத்துவாரு ராத்தா. கார் சத்தம் குடுக்கணும். அதைக் கேட்டுத்தான் நான் கதவைத் திறக்கணும்."