அணைத்தால் யார் கத்துவார்?

இரவு ஒன்றேகால் மணி. ஊர் எல்லை தாண்டிப் போகும் சாலை... இரண்டு பக்கமும் கிடங்குகள். எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு நாய்கூடக் கண்ணில் படவில்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுப் பக்கம் இருப்பவர் அதைச் சாத்திவிட்டு வாருங்கள். இது என் நண்பனுடைய பெரியம்மா வீட்டில் நடந்தது. காரில் போகிறவர் அந்தப் பெரியம்மாவின் மாப்பிள்ளை. என்னிடம் இதைச் சொல்லும்போது நண்பன் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அதனால் கட்டிவிட்ட கதை என்று எனக்குத் தோன்றவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மாப்பிள்ளைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'சுவிட்சு'. அறையிலிருந்து நீங்கள் ஒரு காலை வெளியே வைத்தால் போதும், உங்கள் முதுகுக்குப் பின்னால் விளக்கு அணைந்துவிடும். பெண்டாட்டி உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறை விளக்கை அணைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். அவருக்கு வாய்த்த வேலையும் அதுதான். கம்பெனிகளின் டேட்டா சென்டருக்குள் போய், மின்சாரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது.

டேட்டா சென்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜன்னலே இல்லாத பெரிய கூடம். ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகச் சர்வர்கள் என்கிற கம்ப்யூட்டர் பெட்டிகள். அவை தூங்குவதில்லை. ஓடி ஓடிச் சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க ராட்சத ஏசி. 'ஓ...' என்று ஓயாத இரைச்சல். தொண்டையை உலர்த்துகிற குளிர். காய்ந்த பிளாஸ்டிக் வாசனை.

"கேட்டவுடனே கிடைக்கணும். கேக்காதப்ப கரண்ட் திங்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார் கம்பெனி மேனேஜர். சுவிட்சுக்கு வாயெல்லாம் பல். ஆனால் எந்தக் கூடம் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண்ணைத்தான் சுவிட்சு கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருந்தார். பையனை வீட்டில் சின்னவன் என்பார்கள். அந்தக் கூடத்தில்தான் அவனுக்கு இரவு வேலை. ஒரு வருஷத்துக்கு முன்னால், மழை இரவில், வேலைக்குப் போகும் வழியில், இதே கிடங்குச் சாலையில்... பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த லாரி. அவன் வேலைக்குப் போய்ச் சேரவே இல்லை. விடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தகவல் வந்தது.

"அந்த இடம் வேண்டாங்க" என்றாள் பெண்டாட்டி. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. போனார்.

காற்று கசிந்த சந்துகளை எல்லாம் தகடு வைத்து அடைத்தார். தேவைக்கு மேல் இருந்த குளிரைக் குறைத்தார். மாதக் கடைசியில் கணக்கு வேலை குவியும்போது எல்லா சர்வரும் எழுந்துகொள்ளும்படி, மற்ற நாட்களில் பாதி உறங்கும்படி ஏற்பாடு செய்தார். விளக்குகளையும் மாற்றினார். எந்த வரிசையில் ஆள் நடமாட்டம் இருக்கிறதோ அந்த வரிசையில் மட்டும் விளக்கு எரியும். ஆள் நகர்ந்தால் அணைந்துவிடும். தன்னைப் போலவே ஒரு விளக்கு கிடைத்துவிட்டது என்று வீட்டில் வந்து பெருமையடித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தவை கேட்பாரற்ற சர்வர்கள். எந்தப் பழைய கூடத்திலும் இப்படிச் சில இருக்கும். யார் வைத்தது, எதற்கு வைத்தது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு இந்தத் தொழிலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியது. யார் கத்திக்கொண்டு வருகிறார்களோ, சர்வர் அவர்களுடையது. ஒருவரும் கத்தவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம்.

கடைசி வரிசையில், தரையோடு தரையாக அப்படி ஒரு பழைய பெட்டி. மேலே தூசி படிந்து கிடந்தது. எல்லாத் துறைத் தலைவர்களையும் கேட்டார். எங்களுடையது இல்லை என்றார்கள். ஒரு சாயங்காலம் குனிந்து அதன் பிளக்கைப் பிடுங்கினார். மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து... நின்றது.

ஒரு வாரம் ஆயிற்று. யாரும் கத்தவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா தூங்கவில்லை. ராத்திரியெல்லாம் வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். ஏன் என்று கேட்டால் "தூக்கம் வரல மாப்பிள்ளை" என்பாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதையும் விழுங்கிவிட்டு விழித்திருந்தாள். சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் பாதி ஆளாகிவிட்டாள். "தம்பியும் போயிட்டான். அம்மாவும் போயிடுவாங்களோன்னு பயமா இருக்குங்க" என்று பெண்டாட்டி அழுதாள். அவருக்கும் அதே பயம். தாய் இல்லாமல் வளர்ந்தவர் அவர். அத்தை என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் அவள்தான் அம்மா.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. கூடத்தில் இரவு வேலை பார்ப்பவர். கனமான கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'. சின்னவனோடு சேர்ந்து வேலை பார்த்தவர்.

"சார்... நீங்க போட்ட லைட்டு சரியில்ல. கொஞ்சம் வந்து பாத்துடுங்க."

"காலைல வரேனே."

"இல்ல சார்... இப்பவே வாங்க. என்னால இங்க தனியா இருக்க முடியல."

அப்படித்தான் அந்த நேரத்தில், அந்தச் சாலையில், அந்தக் கார். லாரி நின்றிருந்த இடம் வந்தபோது அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்காணிப்பு அறையிலிருந்து கண்ணாடிச் சுவர் வழியாகக் கூடம் முழுவதும் தெரியும். உள்ளே கும்மிருட்டு. இருவரும் காத்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலை ஒட்டிய முதல் வரிசையில் விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. அது அணைந்து அடுத்த வரிசை எரிந்தது... அதற்கடுத்தது... அதற்கடுத்தது. ஓர் ஆள் நடக்கிற வேகம். கடைசி வரிசையில் போய் நின்றது. அணையவில்லை.

"தெனமும் இப்படித்தான் சார். ஒரு வாரமா. போய் நிக்கும். அப்புறம் எல்லா வரிசைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வரும். எதையோ தேடுற மாதிரி."

சூடான காற்று பட்டால் ஆள் என்று நினைத்து விளக்கின் சென்சார் ஏமாறும் என்று சொல்லிவிட்டு சுவிட்சு உள்ளே போனார். சொன்னது கண்ணாடிக்கா, தனக்கேவா, தெரியாது. கடைசி வரிசைக்குள் நுழைந்தார். அந்த வறண்ட குளிருக்குள்... நனைந்த மழைக்கோட்டு வாசனை. கூடவே லேசாகப் பெட்ரோல். காலடியில் ஒரு சத்தம்.

டிக்...

டிக்... டிக்...

பிளக் பிடுங்கிய அந்தப் பழைய பெட்டி. அதன் பொத்தான் தானாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. யாரோ விடாமல் அழுத்துகிற மாதிரி.

வெளியே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. "கடைசி வரிசையில கீழ ஒரு பெட்டி... அது யாரோடது?" என்றார்.

கண்ணாடி திடுக்கிட்டுப் பார்த்தார். "அதையா அணைச்சீங்க? ஐயோ... அது அவனோடது சார். உங்க மச்சினனோடது."

துறைத் தலைவர்களை எல்லாம் கேட்டவர், ராத்திரி முழுக்க அங்கேயே கிடக்கும் கண்ணாடியைக் கேட்கவில்லை. அந்தத் தொழிலில் யாருமே கேட்பதில்லை.

"வேண்டாம்னு ஒதுக்கின பெட்டி சார். அவன்தான் சரி பண்ணி ஓட வச்சான். கதவு தொறக்கற கார்டை அவன் வாசல்ல வச்சதும் இதுலேருந்து அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போகும். 'வந்துட்டேம்மா, தூங்கு'ன்னு. அது வராம அம்மா கண்ண மூட மாட்டாங்களாம். இவனுக்குத் தெனமும் அனுப்ப மறந்துபோகும், திட்டு விழும். அதுக்காக இப்படி ஒரு சோம்பேறி வேலை..." கண்ணாடி கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார், "அந்தக் கார்டு இப்ப எங்க சார்?"

"ரெண்டா உடைஞ்சு... எங்க வீட்டு பீரோவுல இருக்கு."

சுவிட்சு வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் பெரியம்மா.

"சின்னவனா?"

"நான்தான் அத்தை." "அத்தை... சின்னவன்கிட்டேருந்து உங்களுக்கு மெசேஜ் வந்துட்டு இருந்துச்சா?"

பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெனமும் வரும் மாப்பிள்ளை. அவன் செத்த அன்னிக்கும் வந்துச்சு. எம்புள்ள மழையில ரோட்டுல கெடந்திருக்கான்... நான் மெசேஜப் பாத்துட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அதுக்கப்புறமும் ஒரு நாள் தவறல. சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப ஒரு வாரமா வரல. அவன் இன்னும் போய்ச் சேரல மாப்பிள்ளை. எங்கயோ வழியிலயே நிக்கிறான்."

பெட்டியை நிறுத்தியவர் போனைக் காதில் வைத்தபடி அழுதார்.

திரும்ப உள்ளே ஓடினார். பயம் போன இடம் தெரியவில்லை. தரையில் மண்டியிட்டுப் பிளக்கைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார். உள்ளே 'கடக்... கடக்...' என்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். கடக். அவ்வளவுதான். வருஷக்கணக்காக நிற்காமல் ஓடிய பெட்டிகள் அப்படித்தான். ஓடும்வரை ஓடும். ஒருமுறை நிறுத்திவிட்டால் பிறகு எழுந்திருக்காது. மற்ற எவரையும்விட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மழைக்கோட்டு வாசனை பக்கத்தில் வந்து நின்றது.

"வராதுடா" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "நான்தான் அணைச்சிட்டேன். உன்னோடதுன்னு தெரியாது. இனிமே இதுலேருந்து மெசேஜ் போகாது. அம்மா உக்காந்துட்டே இருக்காங்கடா, சாப்பிடறதில்ல, ஒண்ணும் இல்ல... இங்க வேலையெல்லாம் ஒழுங்கா ஓடுது. நீ வீட்டுக்குப் போடா. போய் அம்மாவப் பாரு."

வெகுநேரம் விளக்கு அப்படியே எரிந்தது. பிறகு அணைந்தது. அடுத்த வரிசையில் எரிந்தது... அதற்கடுத்தது... வாசல்வரை. கதவருகே கார்டு வைக்கிற இடத்தில் பச்சையாக ஒரு பொட்டு மின்னி மறைந்தது. அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு விளக்கு தானாக எரியவில்லை என்று கண்ணாடி சொல்லியிருக்கிறார். அது கிடக்கட்டும். நாம் வீட்டுக்கு வருவோம்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. பெண்டாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"அம்மா எழுந்து ரூமுக்குப் போயிட்டாங்கங்க. அவங்களா சோறு கேட்டுச் சாப்பிட்டாங்க. இன்னொரு போர்வையும் வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க. இந்தப் புழுக்கத்துல எதுக்கும்மான்னு கேட்டேன். பேசாம இருடின்னுட்டாங்க."

அவர் சத்தமில்லாமல் அறைக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. அந்த அறையில் ஏசி கிடையாது. ஆனாலும் முகத்தில் வந்து அறைந்தது குளிர். ஒரு கட்டிலில் பெரியம்மா ஒருக்களித்துப் படுத்திருப்பது லேசாகத் தெரிந்தது. எதிரே சின்னவன் கட்டில். ஒரு வருஷமாக வெறுமனே கிடந்தது. அதன்மேல் இப்போது போர்வை, தலைமாட்டிலிருந்து கால்வரை ஒழுங்காக இழுத்துப் போர்த்தியிருந்தது. கட்டிலின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கை சுவரில் தடவியது.

"லைட்டப் போடாதீங்க மாப்பிள்ளை" என்றாள் பெரியம்மா, ரொம்ப மெதுவாக. "இப்பதான் தூங்கினான்."