சிவப்பு டேப் ஒட்டிய டப்பாக்கள்

கேரட்டைத் தண்ணீரில் போட்டு வேகவைக்கக் கூடாது. ஆவியில் அவிக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் இனிப்பெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். குழந்தைக்கு மிஞ்சுவது வெறும் நிறம்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்றீர்கள். எனக்கு இங்கிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபமாக இருக்கிறது.

நான் பதினேழு வருடம் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தேன். தேதி பார்ப்பதுதான் என் வேலை. பழையது முன்னால், புதியது பின்னால். என் அடுக்கிலிருந்து தேதி கடந்த ஒரு பாட்டில்கூட வெளியே போனதில்லை. கிடங்கை மூடியபோது கை சும்மா இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மாடியில் குடியிருந்த என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு மாதம் முடிந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் குழந்தை கீழே என்னிடம். சனி, ஞாயிறு அவளிடம்.

புதன்கிழமைதோறும் ஒரு வாரத்துக்கு மொத்தமாகச் செய்வேன். கேரட், பூசணி, பட்டாணி, ஆப்பிள். அவித்து, மசித்து, சல்லடையில் தேய்த்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிடுவேன். ஆரஞ்சு, பச்சை, வெளிர் மஞ்சள் கட்டங்கள். பனி மூடிய ஊரில் விளக்கேற்றிய ஜன்னல்கள் மாதிரி இருக்கும். நான் அந்த மாதிரி ஊருக்கெல்லாம் போனதில்லை. உறைந்ததும் ட்ரேயை முறுக்கிக் கட்டிகளை உதிர்ப்பேன். அந்தச் சத்தம் கேட்டாலே குழந்தை நாற்காலித் தட்டைப் பட்பட்டென்று அடிக்கும்.

நாளுக்கு ஒரு டப்பா. மூடியில் டேப் ஒட்டித் தேதி எழுதுவேன். நான் ஊட்டும் ஐந்து நாளுக்கு மஞ்சள் டேப், தங்கை ஊட்டும் இரண்டு நாளுக்குச் சிவப்பு. அப்போது அந்த நிறங்களுக்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

என் தங்கையின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர், எதையும் கிண்டலாகவே பேசுவார். ஒருநாள் ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி இது, பிணவறை மாதிரி எல்லாரையும் சீட்டு ஒட்டிப் படுக்க வச்சிருக்கீங்க" என்றார். தங்கை அவர் தோளில் ஒரு அடி போட்டாள். நானும் சிரித்தேன்.

குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது தங்கை கீழே வந்து, சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, கடை பக்கத்துலேயே ஒரு காப்பகம் இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து அங்க விட்டுடலாம்னு பாக்குறேன். மத்தியானம் ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடலாம். உனக்கும் ஓய்வு வேணும்ல?"

"நான் ஓய்வு கேட்டேனா?"

"கேக்க மாட்ட. அதான் நானே குடுக்குறேன்."

பாசத்தோடுதான் சொன்னாள். அவளுடைய கருணை என்னைக் கேட்காமலே வந்து என் மடியைக் காலி செய்தது. அதைத் தவிர அவள்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

அந்த வாரம் ஒரு சிவப்பு டப்பாவை மேடையிலேயே மறந்துவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஜன்னல் வெயிலில் கிடந்தது. பார்த்தபோது முழுக்க உருகியிருந்தது. கொட்டியிருக்க வேண்டும். பதினேழு வருடத்தில் ஒரு தவறும் செய்யாதவள், ஒரு டப்பாவைக் கொட்டியதாக யாரிடமும் சொல்ல விரும்பவில்லை. மறுபடி ஃப்ரீசருக்குள் வைத்தேன். இது தற்செயல். தற்செயலாக நடந்தது இது ஒன்றுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. "எனக்கு எதுவும் வரலக்கா. நீயே வச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தாள். குழந்தை சூடாக, ஈரமாக, என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். திங்கட்கிழமை மஞ்சள் டப்பா. செவ்வாய்க்கிழமை தட்டை அடித்துச் சிரித்தது. காப்பகப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

அதன்பிறகு நான் மறப்பதற்கு அவசியம் ஏற்படவில்லை. வியாழக்கிழமை காலையில் சிவப்பு டப்பாக்களை எடுத்து ஜன்னலில் வைப்பேன். மாலையில் திரும்ப உள்ளே. எல்லா வாரமும் இல்லை. யாராவது, "இப்பதான் உனக்குக் கை பழகிடுச்சே" என்று தங்கையைப் பாராட்டிய வாரங்களில் மட்டும்.

டாக்டரம்மாவிடம் இரண்டு முறை போனோம். எப்படிச் செய்கிறீர்கள், எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "இந்த அளவுக்குச் சுத்தமா யாரும் செய்யறதில்லைங்க. வெளிய உக்காந்திருக்கிற அம்மாக்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். வரிசையில் இருந்த ஏழு தாய்மாரிடமும் சொன்னேன். கரண்டியைக் கொதிக்கவையுங்கள். கிண்ணத்தில் மிஞ்சியதைத் திரும்ப வைக்காதீர்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கவே கூடாது. ஒரு பெண் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். நான் அவர்களுக்குச் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

பிறகு டாக்டரம்மா தங்கையிடம் திரும்பி, "நீங்க ஊட்டும்போது கை நல்லா கழுவுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து தங்கை ஓயாமல் கை கழுவத் தொடங்கினாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்தது. கடையில் கண்ணாடி வில்லையைத் தொட்டால் எரிகிறது என்றாள். அப்புறம் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஊட்டினாள். குழந்தை சாப்பிடாமல் அந்த வெள்ளை விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன். பாவமாகத்தான் இருந்தது.

போன மாதம் தங்கையின் கணவருக்கு வேலை மாற்றல் வந்தது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தங்கை என் எதிரில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அங்க போய் நானே பழகிக்கிறேன்க்கா. பழகித்தானே ஆகணும். முதல் ரெண்டு வாரத்துக்கு மட்டும் செஞ்சு குடு, போதும்."

பதினான்கு டப்பா செய்தேன். மஞ்சள் டேப் என்றால் என் கை. என் கை அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே பதினான்கிலும் சிவப்பு ஒட்டினேன். பதினான்கையும் ஜன்னலில் வைத்தேன், இரண்டு நாள். பிறகு திரும்ப ஃப்ரீசருக்குள்.

ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது தங்கை கேட்டாள், "என்னக்கா, எல்லாம் செவப்பா இருக்கு?"

"இனிமே எல்லா நாளும் நீதானே ஊட்டப் போற."

அவள் அழுதுவிட்டாள். நான் அவளைக் கௌரவித்ததாக நினைத்திருக்கிறாள்.

என் கணக்கு இதுதான்: இரண்டாம் நாள் வயிறு கெடும், மூன்றாம் நாள் தங்கை பயப்படுவாள், நான்காம் நாள் என்னைக் கூப்பிடுவாள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்போதும் ஒரு திங்கட்கிழமை இருந்தது. என் மஞ்சள் டப்பா இருந்தது. அங்கே அவர்கள் கொண்டுபோன பெட்டிக்குள் திங்கட்கிழமையே இல்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அக்கா, வயித்தால போகுது. இங்க கடையில விக்கிறத வாங்கிக் குடுக்கட்டுமா?"

"வெளிச் சாப்பாடு எதுவும் குடுக்காத. நான் செஞ்சதையே குடு."

ஐந்தாம் நாள் அவள் குரல் மெலிந்திருந்தது. பின்னால் குழந்தையின் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். கேட்கவில்லை. "அவரு உன்னக் கூப்பிடலாம்னு சொல்றாரு. நான்தான் வேணாம்னேன். எத்தன நாளைக்குக்கா உன் தலையிலேயே கட்டிட்டு இருக்கறது?"

ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். 'வாக்கா' என்ற ஒரே ஒரு வார்த்தை. அது இல்லாமல் நானாக எப்படிப் போய் நிற்க முடியும்? "சரி. அடுத்த டப்பாவ எடு. நல்லா சூடு பண்ணு" என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் நாள் காலையில் கூப்பிட்டாள். "வாக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஐந்து மஞ்சள் டப்பாக்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. வழியெல்லாம் வயல்கள், தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பல வருடங்களில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி நடையில் தங்கையின் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கருவிப்பை. என்னைப் பார்த்ததும் பையை நகர்த்தி வழி விட்டார். தங்கை அப்போதும் கையுறையோடு இருந்தாள்.

"என் கைதான்க்கா" என்றாள். "இந்தக் கைதான்."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை.

மிச்சமிருந்த எட்டு டப்பாக்களையும் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கிப் பரிசோதித்ததாகச் சொன்னீர்கள். என் தங்கை பக்கத்து அறையில் மூன்று மணி நேரமாக, எல்லாம் தன் தப்புதான் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் சொன்னீர்கள். அதை எழுதாதீர்கள். அவள் சொல்வது சரியல்ல. டப்பாக்களை உருகவிட்டது நான். திரும்ப உறையவைத்தது நான். போனில் அடுத்ததை எடு என்று சொன்னதும் நான்தான். பதிவில் தவறான பெயர் இருக்கக் கூடாது. கையெழுத்தை எங்கே போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

அந்த ஐந்து மஞ்சள் டப்பாக்களும் இப்போது உங்கள் ஸ்டேஷன் குளிர்பெட்டியில்தானே இருக்கின்றன? வழியில் அவை உருகியிருக்கும். கொட்டிவிடுங்கள். எந்தக் குழந்தைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஊட்டிய எந்த நாளிலும் குழந்தைக்கு ஒன்றும் ஆனதில்லை. அதையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.